மார்கழிக் கிணற்றை நம்பி எடுத்த தோட்டம்

தோட்டம் குத்தகைக்கு எடுக்க நல்ல மாதம் எது என்று கேட்டால், பலரும் மார்கழி, தை என்றுதான் சொல்வார்கள். மழை ஓய்ந்திருக்கும், கிணறு நிரம்பியிருக்கும், வெயிலும் சுடாது. பொங்கலுக்குள் பேசி முடித்தால் தைப்பட்டத்துக்கு நிலம் தயாராகிவிடும். உள்நாட்டில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாது. ஆனால், கிழக்கே கடலும் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் இருக்க, நடுவில் ஒடுங்கிய மணல் நிலத்தில் இதே கணக்கு ஒரு குடும்பத்தின் முதல் ஆண்டு உழைப்பையே விழுங்கியது. மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இடையே உள்ள ஒரு கிராமத்தில் நடந்த கதை இது. பெயர் வேண்டாம் என்பது அவர்கள் விருப்பம்.

கணவர் கல் சிற்ப வேலை பார்த்தவர். 20 ஆண்டுகளுக்கு மேல் உளி பிடித்த கை. கிரைண்டர் வந்த பிறகு வேலை வேகமானது, தூசியும் கூடியது. இருமல் நிற்காமல் மருத்துவமனைக்குப் போனபோது, "இனி கல் தூசி பக்கமே போகக்கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். மனைவிக்கு மட்டும்தான் விவசாயம் பழக்கம். அவர் பிறந்த ஊர் திருக்கழுக்குன்றம் பக்கம், ஏரிப் பாசன நெல் வயல். வீட்டுக்குப் பின்னால் கத்தரியும் கீரையும் போட்டுப் பழகியவர். "நாம ஒரு தோட்டம் எடுக்கலாங்க" என்று முதலில் சொன்னது அவர்தான்.

2021 நவம்பரில் சென்னை, செங்கல்பட்டுப் பகுதியில் மழை கொட்டித் தீர்த்தது பலருக்கும் நினைவிருக்கும். அந்த மழை ஓய்ந்த மார்கழியில்தான் 80 சென்ட் நிலம் கண்ணில் பட்டது. சவுக்கு வெட்டி எடுத்த மணல் நிலம். கிழக்கு ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை சவுக்கு நின்றது. மூலையில் பன்னிரண்டு உறை இறக்கிய கிணறு. எட்டிப் பார்த்தால் கைக்கு எட்டும் உயரத்தில் தண்ணீர். கணவர் ஒரு வாளி மொண்டு குடித்துப் பார்த்தார். இளநீர் மாதிரி இருந்தது.

நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார். மூன்று ஆண்டுக் குத்தகைக்குச் சம்மதித்தார். மனைவியின் சங்கிலியும் கம்மலும் கூட்டுறவு வங்கிக்கு அடகு போயின. தை பிறப்பதற்குள் முன்பணம் கைமாறியது.

ஆயா கேட்ட கேள்வி

பக்கத்து நிலத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஆயா கீரை போட்டிருந்தார். மூன்று பாத்தி தண்டுக்கீரை, ஓரத்தில் கொத்தவரை, இரண்டு முருங்கை. மோட்டார் கிடையாது. மணலைத் தோண்டி ஆறே உறை இறக்கிய சின்னக் கிணற்றில் குடத்தால் மொண்டு, பூவாளியில் ஊற்றுவார்.

புதிதாக வந்தவர்களைப் பார்த்து ஆயா ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏம்மா, சித்திரையில இந்தத் தண்ணிய குடிச்சுப் பாத்தியா?"

"இப்பத்தான ஆயா எடுத்திருக்கோம். தண்ணி நல்லா இனிப்பா இருக்குதே" என்றார் மனைவி.

"மார்கழியில எல்லாக் கிணறும் இனிக்கும் கண்ணு" என்று சொல்லிவிட்டு ஆயா குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பேச்சை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தொழு உரம் இரண்டு டிராக்டர் அடித்தார்கள். நாற்றங்கால் விட்டு மிளகாய், கத்தரி நட்டார்கள். வெண்டை நேரடியாக ஊன்றினார்கள். ஒரு எச்.பி. மோட்டார் வைத்துக் காலையில் மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட்டினார்கள். மணல் நிலம் ஊற்றுவதை எல்லாம் குடித்தது. மாசியில் வெண்டை காய்த்தது. மாமல்லபுரம் கடைகளுக்கு இரண்டு சக்கர வண்டியில் கூடை கட்டிக்கொண்டு போனபோது, கணவருக்கு இருமல் குறைந்திருந்தது. இனிமேல் பயமில்லை என்று இருவரும் நம்பினார்கள்.

ஐந்து உறை இறக்கியதும் வந்த வினை

பங்குனி பாதியில் கிணறு இறங்கியது. மூன்று மணி நேரம் ஓடிய மோட்டார் முக்கால் மணியில் காற்று இழுத்தது. மிளகாய் பூத்து நிற்கும் நேரம். தண்ணீர் விடாமல் இருக்க முடியாது. கிணற்று ஆட்களை அழைத்து மேலும் ஐந்து உறை இறக்கினார்கள். உறைக்கும் கூலிக்கும் சேர்த்து 22,000 ரூபாய். கைமாற்று வாங்கிய பணம்.

முதல் நாள் தண்ணீர் பொங்கி வந்தது. மூன்றாம் நாள் கை கழுவும்போது சோப்பு நுரைக்கவில்லை. ஒரு வாரத்தில் வெண்டையின் அடி இலைகள் ஓரத்தில் கருகத் தொடங்கின. நெருப்பில் காட்டி எடுத்த காகிதம் போல, நுனியிலிருந்து உள்நோக்கி. மிளகாயில் பூ கொட்டியது. கத்தரிச் செடி வளராமல் கறுத்த பச்சையில் குறுகி நின்றது. பாத்தி ஓரத்தில் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் பூத்தது.

இலையைப் பறித்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனார்கள். "சத்துக் குறைபாடு" என்று நுண்ணூட்டக் கலவையும், கூடவே ஒரு பூஞ்சணக் கொல்லியும் கொடுத்தார்கள். தெளித்தும் பயனில்லை. செடி வாடுகிறதே என்று யூரியா போட்டார்கள். அது இன்னும் கெடுத்தது. யூரியாவும் உப்பைப் போலவே வேரைச் சுற்றியுள்ள கரைசலின் அடர்த்தியைக் கூட்டும். ஏற்கெனவே உப்பில் தவிக்கும் வேருக்கு அது இன்னொரு சுமை.

கடைசியில் பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் சொன்ன பிறகுதான் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீருடன் போனார்கள். அங்கிருந்த இளம் உதவித் தோட்டக்கலை அலுவலர் ஈ.சி. மீட்டரை அந்தத் தண்ணீரில் நனைத்தார். 4-ஐத் தாண்டியது. "இது செடிக்கு வந்த நோய் இல்லைம்மா. கிணற்றுக்கு வந்த நோய்" என்றார்.

மணலுக்கு அடியில் என்ன நடக்கிறது?

கடலோர மணலில் மழைநீர் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் மேல் மிதந்து நிற்கும். நல்ல தண்ணீர் லேசானது, உப்புத் தண்ணீர் கனமானது. சோற்றுக் கஞ்சி மேல் நல்லெண்ணெய் மிதப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். நூறு ஆண்டுகளுக்கும் முன்பே ஐரோப்பாவின் கடலோர மணல் திட்டுகளில் இதைக் கண்டறிந்தார்கள்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் ஆபத்து தெரியும். மேலே ஒரு அடி தண்ணீர் குறைந்தால், கீழே உப்புத் தண்ணீர் 40 அடி வரை மேலேறப் பார்க்கும். ஒரே இடத்தில் மோட்டார் போட்டுத் தொடர்ந்து இறைத்தால், அந்த இடத்துக்கு நேர் கீழே உப்புத் தண்ணீர் கூம்பு மாதிரி எழும்பும். அந்த நேரத்தில் கிணற்றை ஆழப்படுத்துவது, எழும்பி வரும் உப்புக்கு நாமே கதவு திறந்து விடுவதற்குச் சமம். உள்நாட்டில் தண்ணீர் வற்றினால் ஆழமாகப் போவார்கள். கடலோர மணலில் ஆழம் போனால் உப்புதான் வரும்.

அதிலும் இந்தத் தம்பதியின் நிலத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே கடல் ஓதம் ஏறி இறங்கும் கால்வாய். இரண்டு பக்கமும் உப்பு. நடுவில் மழை கொடுத்த நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படலம். நமது கடலோரத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. ஆகவே, அந்தப் படலம் மார்கழியில் தடித்திருக்கும். சித்திரை, வைகாசியில் மெலிந்திருக்கும். மார்கழியில் குடித்துப் பார்ப்பது, பொங்கலன்று ஒருவர் வீட்டுக்குப் போய், ஆண்டு முழுக்க இங்கே இப்படித்தான் சமையல் என்று முடிவுகட்டுவதைப் போன்றது.

ஈ.சி. அளவு 0.7-க்குக் கீழே இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலையில்லை. 0.7 முதல் 3 வரை என்றால் பயிரைத் தேர்ந்தெடுத்து, கவனமாகப் பாய்ச்ச வேண்டும். 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகள் தாங்காது. டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதே அளவுகள் ஏறக்குறைய 450, 2,000 என்று தெரியும். வெண்டை, மிளகாய், கத்தரி, முள்ளங்கி, வெங்காயம் எல்லாம் உப்புக்குச் சீக்கிரம் சோர்ந்துபோகும் பயிர்கள். தக்காளி கொஞ்சம் தாங்கும். பீட்ரூட், கொத்தவரை நன்றாகவே தாங்கும். தென்னையும் சப்போட்டாவும் உப்புக்கு அஞ்சாதவை. ஆயாவின் தோட்டத்தில் வெண்டையும் மிளகாயும் இல்லாமல் போனது தற்செயல் இல்லை.

ஆயாவின் கிணறு

இவர்கள் கிணறு உப்பாகிப் போன அதே சித்திரையில் ஆயாவின் ஆறு உறைக் கிணற்றில் தண்ணீர் குடிக்கும்படி இருந்தது. காரணம் எளிது. அவர் மேலாக இருக்கும் நல்ல தண்ணீரை மட்டும் மொண்டார். காலையில் பத்துப் பதினைந்து குடம், மாலையில் அவ்வளவே. நடுவில் கிணறு ஊறிக்கொள்ள நேரம் கிடைத்தது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோதும் ஆயா இதே நிலத்தில்தான் இருந்தார். கடல் தண்ணீர் கிணற்றில் புகுந்தது. எல்லோரும் மோட்டார் வைத்து இறைத்துத் தள்ளினார்கள். இறைக்க இறைக்க உப்பு போகவில்லை. "நான் வந்த தண்ணிய மட்டும் வாரிக் கொட்டிட்டு வுட்டுட்டேன். அடுத்த வருஷம் பெஞ்ச மழ கழுவிக் கொடுத்துச்சு" என்பது ஆயாவின் அனுபவம். மணல் நிலத்தின் பலம் அது. களிமண்ணில் தங்கும் உப்பு மணலில் தங்காது. நல்ல மழை பெய்தால் கரைந்து கீழே இறங்கிவிடும். அதற்கு மழைநீர் ஓடிப்போகாமல் நிலத்திலேயே நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

அன்று மனைவி ஆயாவிடம் போய் அழுதார். ஆயா கோபித்துக்கொள்ளவில்லை. "கெணத்தத் தூத்துடு. கொஞ்சமா பயிர் வை. மழ வரட்டும்" என்றார். உதவித் தோட்டக்கலை அலுவலர் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்.

புதிதாக இறக்கிய ஐந்து உறை ஆழத்தையும் மணல் கொட்டித் தூர்த்தார்கள். 22,000 ரூபாய் மண்ணுக்குள் போனது. மிளகாயையும் கத்தரியையும் கைவிட்டார்கள். நிலத்தின் இன்னொரு மூலையில் ஏழு உறையில் ஆழமில்லாத கிணறு ஒன்று போட்டார்கள். இரண்டு கிணற்றிலும் மாற்றி மாற்றி, காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மட்டும் மோட்டார். பயிர் 20 சென்ட்டில் மட்டும்: தண்டுக்கீரையும் கொத்தவரையும். மீதி நிலத்தைச் சவுக்குச் சருகால் மூடிவைத்தார்கள். அந்த ஆறு மாதமும் வீட்டுச் செலவுக்கு மனைவி நூறு நாள் வேலைக்குப் போனார். கணவர் ஒரு விடுதியில் தோட்ட வேலை பார்த்தார். குத்தகைப் பணத்துக்கு முதல் ஆண்டில் வருமானமே இல்லை.

இரண்டாவது குளிர்காலம்

கோடையில் அவர்கள் செய்த வேலைதான் அடுத்த மார்கழியைக் காப்பாற்றியது. முறைப்படி அனுமதி பெற்று, வற்றிய ஏரியிலிருந்து வண்டல் கொண்டுவந்து கொட்டினார்கள். மணலுக்கு வண்டல் சேர்ந்தால் தண்ணீர் பிடிக்கும், சத்தும் நிற்கும். ஆடி மழையில் தக்கைப்பூண்டு விதைத்து, 45-ம் நாள் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதார்கள். தக்கைப்பூண்டு உப்பைத் தாங்கி வளரும். புரட்டாசிக்குள் நிலத்தைச் சுற்றி முழங்கால் உயர வரப்பு எடுத்து, உள்ளே நான்கு பாகமாகப் பிரித்தார்கள். ஐப்பசி மழை ஒரு சொட்டும் கால்வாய்க்கு ஓடாமல் நிலத்திலேயே நின்று இறங்கியது. மாதம் ஒருமுறை கிணற்றுத் தண்ணீரை விரிவாக்க மையத்தில் காட்டி, ஈ.சி. அளவைப் பிள்ளையின் நோட்டில் எழுதிவைத்தார்கள். கார்த்திகையில் அளவு 1-க்குக் கீழே இறங்கியது.

உடனே நட்டுவிடலாம் என்று கணவர் பரபரத்தார். மனைவி தடுத்தார். கார்த்திகை, மார்கழி இந்தக் கடற்கரையில் புயல் மாதம். 2016-ல் வர்தா புயல் டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரை கடந்தது. அதனால், நாற்று மட்டும் வீட்டோரம் குழித்தட்டில் வளரட்டும், நடவு தை பிறந்த பிறகு என்று முடிவானது. பனிக் காலத்தில் நாற்றழுகல் வரும் என்பதால் விதையை டிரைக்கோடெர்மா விரிடியில் புரட்டி விதைத்தார்கள். கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு. மாலையில் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, காலையில் மட்டும் தெளித்தார்கள்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. இரவெல்லாம் ஓட்டுக் கூரை அதிர்ந்தது. குழித்தட்டுகளை எல்லாம் வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவிட்டுக் குடும்பமே விழித்திருந்தது. காலையில் தோட்டத்துக்குப் போனால், கிழக்கு ஓரச் சவுக்கில் நான்கு மரம் சாய்ந்திருந்தது. மற்றவை காற்றை வாங்கிக்கொண்டு நின்றன. கொத்தவரையின் இலையை நாக்கில் வைத்துப் பார்த்தார் மனைவி. கடல் காற்று தூவிய உப்பு கரித்தது. அன்று பொழுது ஏறுவதற்குள் இருவரும் பூவாளியால் நல்ல தண்ணீர் ஊற்றி இலைகளைக் கழுவினார்கள். கழுவாமல் விட்ட ஒரு பாத்தி இரண்டு நாளில் கருகியது. கழுவிய பாத்திகள் பிழைத்தன. ஆயாவின் முருங்கை ஒன்று முறிந்துவிட்டது. சாய்ந்த இடத்திலேயே அதை வெட்டி, போத்தை ஊன்றிவிட்டுப் போனார் ஆயா.

தையில் நட்டார்கள். ஆனால், 80 சென்ட்டிலும் இல்லை. வெண்டையும் மிளகாயும் 25 சென்ட்டில், பங்குனிக்குள் பெரும்பகுதி அறுவடை முடியும்படி. பீட்ரூட்டும் கீரையும் 20 சென்ட்டில். கொத்தவரை 15 சென்ட். மீதியில் முருங்கை. தண்ணீர் மெலியும் சித்திரையில் நிலத்தில் உப்பு தாங்கும் பயிர் மட்டும் நிற்க வேண்டும் என்பது கணக்கு. அந்த ஆண்டு குத்தகையும் கைமாற்றும் தீர்ந்தன. மூன்றாம் ஆண்டில் கம்மல் திரும்பியது. சங்கிலி இன்னும் திரும்பவில்லை.

புதுத் தோட்டம் எடுப்பவர்கள் கவனிக்க

* கடலோரத்தில் தோட்டம் பார்க்க நல்ல மாதம் சித்திரை, வைகாசி. மார்கழியில்தான் எடுக்க வேண்டும் என்றால், பக்கத்து நிலத்துக்காரர்களிடம் கோடைத் தண்ணீரைப் பற்றி விசாரியுங்கள். கோடையில் அங்கே என்ன பயிர் நிற்கும் என்று கேட்டாலே பாதி விவரம் தெரிந்துவிடும்.
* மோட்டாரைக் கால் மணி நேரம் ஓட்டிய பிறகு, அதே தண்ணீரால் இரண்டு முறை அலசிய பாட்டிலில் அரை லிட்டர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முதல் ஆண்டில் மாதம் ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள்.
* மண் மாதிரியை 10, 15 இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை சுரண்டி எடுங்கள். ஒன்றாகக் கலந்து, கால்பங்கிட்டு அரை கிலோவாகக் குறையுங்கள். வரப்போரம், எருக்குழி, மர நிழல் ஆகிய இடங்களைத் தவிருங்கள்.
* குத்தகையை எழுத்தில் போடுங்கள். சர்வே எண்ணும், கோடையில் தண்ணீர் உப்பானால் குத்தகை எப்படி என்பதும் அதில் இருக்கட்டும்.
* கோடையில் கிணறு வற்றினால் ஆழப்படுத்தாதீர்கள். ஆழமில்லாத கிணறு இரண்டு, ஆழமான கிணறு ஒன்றைவிட மேல்.
* முதல் குளிர்காலத்தில் நிலம் முழுவதும் பயிர் வைக்காதீர்கள். கால்வாசி நிலத்தில் வைத்து, தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே வெள்ளைப் பூக்கிறது என்று ஒரு ஆண்டு பாருங்கள்.
* உப்புத் தண்ணீர் பாயும் நிலத்துக்கு ஜிப்சம் எல்லா இடத்திலும் மருந்தாகாது. மணல் நிலத்தில் உப்பைக் கழுவ வரப்பும் மழையும் போதும். பரிசோதனை முடிவு சொன்னால் மட்டும் ஜிப்சம் போடுங்கள்.

குத்தகை மூன்று ஆண்டு முடிந்து, புதுப்பித்தாகிவிட்டது. போன மார்கழியில் பக்கத்தில் காலியாகக் கிடந்த ஒரு நிலத்தைப் பார்க்க ஒரு இளைஞர் வந்தார். கிணற்றில் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்ல தண்ணிக்கா இது, இந்த மாசமே முன்பணம் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

மனைவி உள்ளே போய் அந்தப் பழைய நோட்டை எடுத்து வந்து, மாதவாரியாக எழுதியிருந்த அளவுகளைக் காட்டினார். "இது எங்க கெணறு தம்பி. உங்க கெணறும் இதே மணல்லதான் இருக்குது. பணத்தக் கையில வச்சுக்கங்க. சித்திரையில வாங்க, நாம ரெண்டு பேரும் சேந்து குடிச்சுப் பாக்கலாம்" என்றார்.

ஆயா வேலிக்கு அந்தப் பக்கத்தில் பூவாளியை நிரப்பிக்கொண்டிருந்தார்.